புவியியல் படித்தால் என்ன வேலை? எண்ணூர் கரையை வைத்தே பார்க்கலாம்

புவியியல் என்றாலே வாத்தியார் வேலை, இல்லாவிட்டால் ஐஏஎஸ் கோச்சிங். நம்ம ஏரியாவில் பேச்சு இதைத் தாண்டுவதில்லை. இத்தனைக்கும் காசிமேட்டில் ஆரம்பித்து கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை கடலரிப்பு, துறைமுகம், உப்பங்கழி, சாம்பல் மேடு என்று அந்தப் பாடத்தில் வருகிற பாதி விஷயம் இங்கேயே இருக்கிறது.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரை நம்பாதீர்கள், அறிவிக்கையில் உள்ள கல்வித் தகுதி வரியைப் படியுங்கள். வானிலைத் துறையின் சயன்டிஃபிக் அசிஸ்டன்ட் வேலைக்கு 2022ல் மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி கேட்டது இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்சி., அல்லது கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் சார்ந்த படிப்பு. காலநிலையியலில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும், இயற்பியல் எடுக்காத புவியியல் மாணவருக்கு அங்கே இடமில்லை. டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் பணிகளும் அப்படித்தான்: சிவில் டிப்ளமோ, ஐடிஐ சர்வேயர் சான்றிதழ் மாதிரியான தகுதிதான் கேட்பார்கள். யுபிஎஸ்சி மெயின்ஸில் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மார்க். உதவும்தான், ஆனால் அது வேலை அல்ல, தேர்வு. ஆசிரியர் ஆக பி.எட். வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

பட்டத்தைவிடக் கைத்திறனைப் பார்த்து ஆள் எடுக்கிற இடம் ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டரில் மேப்பும் இடத் தகவலும் கையாளும் துறை. கிண்டியில் அண்ணா பல்கலையில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது. பிரசிடென்சியிலோ குயின் மேரிஸிலோ புவியியல் படிப்பவர்கள், செயற்கைக்கோள் படப் பயிற்சி தரும் டேராடூன் ஐஐஆர்எஸ் நிறுவனம் இலவசமாக நடத்தும் ஆன்லைன் வகுப்புகளைக் கூடவே படிக்கலாம். ஆனால் இன்டர்வியூவில் பேசுவது சான்றிதழ் அல்ல, நீங்களே போட்ட ஒரு மேப். காசு செலவில்லாமல் போடக்கூடியது, காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரைக்கோட்டு மாற்றம்.

க்யூஜிஐஎஸ் என்ற மேப் போடும் மென்பொருள் இலவசம். செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு) எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்தில், படக் கட்டத்தின் எண்ணாக பாத் 142, ரோ 51 கொடுத்தால் சென்னை வரும். 1990 வாக்கில் லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்று, சமீபத்திய லேண்ட்சாட் 8 படம் ஒன்று எடுங்கள். இரண்டும் ஒரே மாதமாக இருக்கட்டும், பிப்ரவரி, மார்ச் நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேகம் விடாது. லேண்ட்சாட் 7 பக்கம் போகாதீர்கள். 2003 மே மாதக் கடைசியில் அதன் ஸ்கேன் லைன் கருவி பழுதானதால் அதற்குப் பிந்தைய படங்களில் கோடு கோடாக இடைவெளி விழுந்திருக்கும்.

நீரையும் நிலத்தையும் பிரிக்க, பச்சை பேண்டிலிருந்து (பேண்ட் என்பது ஒரு வகை ஒளியை மட்டும் பதிந்த படம்) அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். லேண்ட்சாட் 5ல் அவை பேண்ட் 2, பேண்ட் 4. லேண்ட்சாட் 8ல் பேண்ட் 3, பேண்ட் 5. பழைய எண்களையே புதிய படத்துக்கும் போட்டால் நீலத்தையும் சிவப்பையும் வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். படம் வரும், ஆனால் தப்பாக வரும். லெவல் 2 படமென்றால் (காற்றுமண்டலத் தாக்கத்தை நீக்கித் தருவது) முதலில் ஒவ்வொரு மதிப்பையும் 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழியுங்கள். விகிதம்தானே என்று விட்டுவிடக் கூடாது: வகுக்கும்போது பெருக்கிய எண் அடிபட்டுப் போகும், கழித்த எண் போகாது.

அளவெடுக்கும்போது இபிஎஸ்ஜி 32644ல் இருங்கள், சென்னைப் பக்கத்துக்கு மீட்டரில் அளக்கும் ப்ரொஜெக்‌ஷனின் எண் அது. அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் 4326ல் நேராகப் பரப்பளவைக் கணக்கிட்டால் விடை சதுர டிகிரியில் வந்து நிற்கும். “எந்த ப்ரொஜெக்‌ஷன், ஏன்?” என்பது இன்டர்வியூவில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி.

இன்னொன்று, இந்தப் படங்களில் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர். “கரை 12 மீட்டர் உள்வாங்கியது” என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். 30 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள மணற்கரையில் அலையேற்றம் 1 மீட்டர் கூடினாலே கோடு ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். பாறை கொட்டிய இடங்களில் கோடு நகரவே நகராது, அங்கே அரிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. மணல் இங்கே ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகிறது. துறைமுகச் சுவர் அதை மறிப்பதால் மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. இந்தக் காரணத்தை மேப்புக்குக் கீழே நாலு வரியில் எழுதத் தெரிந்தால்தான் நீங்கள் புவியியல் படித்தவர். பட்டன் அழுத்த யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்வார்கள்.

இதே திறனுக்குக் கரையோரம் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபட வேலையும் உண்டு. 1:4000 அளவில் உயர் அலைக்கோடு குறிக்கும் அந்த வேலையை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களே செய்யும், அண்ணா பல்கலையின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. ப்ராஜெக்ட் அசிஸ்டன்டாகச் சேரலாம், ஆனால் ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். துறைமுகத்தில் ஆழம் அளக்கும் ஹைட்ரோகிராஃபிக் சர்வே தனிப் பாதை, அதற்கான பயிற்சி கோவாவில் கடற்படை நடத்தும் கல்விக்கூடத்தில். ட்ரோன் சர்வேக்கு 18 வயதும் பத்தாம் வகுப்பும் போதும், ஆனால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த பயிற்சி மையத்தில்தான் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். ட்ரோனை ஓட்டுவதைவிட அதன் படங்களை ஒன்றாகத் தைத்து தரையின் உயரம் காட்டும் மாதிரி எடுப்பவருக்குத்தான் வேலை நிலைக்கும் என்பது என் கணிப்பு.

தனியார் மேப்பிங் கம்பெனியில் முதல் வேலை பெரும்பாலும் டிஜிட்டைசிங்தான். சாட்டிலைட் படத்தின் மேல் கட்டடம், ரோடு வரைந்துகொண்டே இருக்க வேண்டும். வரைந்த இரண்டு உருவம் (பாலிகான்) ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ நடுவே இடைவெளி விட்டாலோ தரம் பார்க்கும் கியூசி டீம் திருப்பி அனுப்பும். கட்டட எல்லையை இப்போது மெஷினே வரையத் தொடங்கிவிட்டதால் இதில் ரொம்ப நாள் தங்காதீர்கள். ஆஃபர் வாங்கும்போதே பைதான் நிரல்மொழியும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத் தகவல் டேட்டாபேஸும் பயன்படுத்தும் டீம் அங்கே இருக்கிறதா, அதற்கு மாறலாமா என்று கேட்டுவிடுங்கள்.