பேரு என்னோடது, ஐசி நம்பர் யாரோடது?

மலேசியாவில் பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு விலகியது. பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் பறந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நான் வக்கீல் ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) சேர்ந்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் அப்போதே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. பல வருஷம் அதே கடிதத்தில் பேரையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் தேதியையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். வினை அங்கேதான்.

ஆயர் ஈத்தாமில் வீடு வைத்திருந்த அம்மா ஒருவர் வந்தார். மாசம் 700 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, நாலு மாசமாக வரவில்லை. கூட வந்த மகனுக்குப் பொறுமை இல்லை. "பூட்டை மாத்திட்டா போச்சு அண்ணே, கரண்டையும் கட் பண்ணிடலாம்" என்றான். இப்படிச் சொல்லாத வீட்டுக்காரரை நான் பார்த்ததே குறைவு. 1950ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவைக் காட்டி, வாடகைக் காலம் முடிந்தும் போகாத ஆளைக் கோர்ட் மூலமாகத்தான் வெளியேற்ற முடியும் என்று வக்கீல் சொன்ன பிறகே அடங்கினான்.

ஒப்பந்தத்தைப் புரட்டினால் ஸ்டாம்பிங்கே செய்யவில்லை. 30 நாளுக்குள் செய்திருக்க வேண்டியது. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். 1949 முத்திரைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அது. அபராதத்தோடு கட்டிவிட்டால் சரி. அது அவர்கள் விட்ட பிழை. அடுத்தது என்னுடையது.

நோட்டீஸ் ஏ.ஆர். (ஒப்புகைச் சீட்டோடு போகும் பதிவு) தபாலில் போன நாலாவது நாள், வாடகைக்கு இருந்தவரே கவுண்டரில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. கடிதத்தை விரித்து விரலால் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, பேரு என்னோடது. இந்த ஐசி நம்பர் யாரு? 61ல பொறந்தவன்னு போட்டிருக்கு. நான் 72. நடுவுல 07னு இருக்கு, பினாங்குல பொறந்தவன். நான் கெடா, சுங்கைப் பட்டாணி, எனக்கு 02."

எனக்கு முகம் வேர்த்துவிட்டது. போன கேசில் இருந்த ஆளின் நம்பர் அப்படியே தங்கிவிட்டது. அதைவிட உறுத்தியது வேறு ஒன்று: முன்பின் தெரியாத ஒருவருடைய ஐசி நம்பரை இன்னொருவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

பேரும் விலாசமும் சரிதானே, இது ஒன்றும் நோட்டீசைக் கொல்லாது என்று வாதாடலாம். வக்கீல் அதில் இறங்கவில்லை. வாடகைக் காலம் முறைப்படி முடிந்த நாளிலிருந்துதான், காலி செய்யாமல் இருப்பவரிடம் கேட்கும் இரட்டை வாடகைக் கணக்கு ஓடும் (1956 சிவில் சட்டம், 28ஆவது பிரிவு). நோட்டீசில் சந்தேகம் வந்தால் அந்த நாளும் ஆடிப்போகும். பழையதை வாபஸ் வாங்கிப் புதிதாக ஒரு மாத நோட்டீஸ் போடச் சொன்னார்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டியவன் நான். 'டெக்னிக்கல் பிராப்ளம்' என்று மழுப்பியிருக்கலாம். அப்படி மழுப்பும் கிராணிகளும் உண்டு, நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். அன்று, "நான் தப்பா டைப் பண்ணிட்டேன்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ அந்த 700 வெள்ளிய யாரு தர்றது தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. புதுக் கடிதத்துக்கு வக்கீல் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே பழைய பாரத்தை (கடிதப் படிவத்தை) அழித்தேன். பேர், ஐசி, விலாசம், பாக்கி எல்லாம் வெற்றுக் கோடாக இருக்கும் புதுப் பாரம் ஒன்று அடித்து வைத்தேன். இருபது வருஷம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

கேஸ் கோர்ட் வரை போகவில்லை. மாசம் முடிய இரண்டு நாள் இருக்கையில் வாடகைக்கு இருந்தவர் சாவியோடு வந்தார், பாக்கியில் பாதியையும் கொண்டுவந்தார். சாவி பெற்றுக்கொண்ட கடிதத்தை நீட்டினேன். பேனாவைத் தொடவில்லை. ஐசி நம்பரின் பன்னிரண்டு எண்ணையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். 02க்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.