ஹத்து என்றால் பற்று

சிவாஜிநகரில் பேருந்து ஏறும் ஒவ்வொரு மாலையும் நடத்துநர் ‘ஹத்தி, ஹத்தி’ என்று அவசரப்படுத்துவார். ஏறச் சொல்கிறார் என்பது பெங்களூருக்கு வந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டாலும், அது நம்முடைய ‘பற்று’தான் என்று தெரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பாலை ஹாலு என்றும், புலியை ஹுலி என்றும், பூவை ஹூ என்றும் சொல்லும் கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாயிற்று. றகர இரட்டை தகர இரட்டையாயிற்று. ஆக, பற்று ‘ஹத்து’ ஆனது. ஒட்டுதல், பிடித்தல் ஆகிய பொருள்களோடு ஏறுதலும் அங்கே சேர்ந்துகொண்டது. மரம் ஏறுகிறவன் அதைப் பற்றிக்கொண்டுதானே ஏறுகிறான்! அருகில் என்பதற்கான ‘ஹத்திர’வும் இதே வேர்தான்.

தெலுங்கில் இது ‘பட்டு’. பிடித்துக்கொள் என்பதற்குப் ‘பட்டுகோ’ என்பார்கள். மலையாளத்தில் ‘எந்து பற்றி?’ என்றால் என்ன ஆயிற்று என்று பொருள்.

தமிழில் இச்சொல் அடுப்படியில்தான் அதிகம் புழங்குகிறது. ஆனால் ‘பத்து’ என்று திரிந்துவிட்டதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. சோற்றுப் பருக்கை ஒட்டிய பாத்திரங்களை அம்மா ‘பத்துப் பாத்திரம்’ என்பார். சிறுவயதில் அதை எண்ணிக்கை என்று நினைத்துத் தொட்டியில் கிடந்தவற்றை எண்ணிப் பார்த்து, பதினான்கு இருக்கிறதே என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுக்கை இழைத்து நெற்றியில் போடும் பத்தும் பற்றே. ‘சம்பளம் பத்தாது’ என்பதிலும் இருப்பது பற்றாமைதான். பற்றாக்குறை என்று எழுதும்போது மட்டும் றகரம் திரும்பி வந்துவிடுகிறது. தீ பற்றுவதும், இரும்பைப் பற்றவைப்பதும், உலோகத்தை ஒட்டும் பொடிக்குப் பற்றாசு என்று பெயரிட்டதும் ஒட்டுதலின் நீட்சிகளே.

இவ்வளவு ஒட்டும் சொல்லை வள்ளுவர் துறவு அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தது எனக்கு இன்னும் வியப்பு. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு’ என்ற 350ஆம் குறளின் ஏழு சீர்களில் ஆறில் பற்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உதடுகள் ஒட்டுகின்றன. அதே அதிகாரத்தின் முதற்குறளான ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ முழுவதையும் சொல்லி முடித்தாலும் உதடுகள் ஒருமுறைகூட ஒட்டுவதில்லை. நேற்று மாலை நெரிசலில் கம்பியைப் பற்றிக்கொண்டு இரண்டையும் முணுமுணுத்துப் பார்த்தேன்; பக்கத்தில் நின்றவர் சற்றே விலகி நின்றுகொண்டார்.