கதவை உடைத்தவர் யார்: பகடைகளும் நிகழ்தகவும்

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பூட்டிய கதவு குறுக்கிட்டது. குழுவிலேயே உடல்வலு மிகுந்த போர்வீரர் முதலில் அதன்மேல் தோளால் மோதினார், கதவு அசையவில்லை. அடுத்து, வாளைத் தூக்கவே சிரமப்படும் மந்திரவாதி முயன்றார். அவருடைய பகடையில் 18 விழுந்தது, கதவு பிளந்தது. மேசையைச் சுற்றியிருந்த அனைவரும் சிரித்தோம். போர்வீரராக ஆடிய நண்பர் மட்டும், சிரித்து ஓய்ந்த பிறகு, "அப்போ என் பலத்துக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டார். ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்ததன் விளைவே இந்தப் பதிவு.

இவ்வகை ஆட்டங்களை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் மேசையில் ஆடப்படும் ரோல் பிளேயிங் ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நடத்துபவர் அந்த உலகம் அதற்கு எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பதைச் சொல்வார். ஒரு செயலின் முடிவு உறுதியில்லாதபோது, அதன் இன்றைய வடிவத்தில், இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணை அதனோடு கூட்டி, வரும் தொகை இலக்கு எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

எங்கள் கதவின் இலக்கு எண் 15. போர்வீரரின் வலுவுக்கு 4 கூட்ட வேண்டும். ஆகவே பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அவருக்கு வெற்றி. இருபது முகங்களில் பத்து முகங்கள் அவருக்குச் சாதகமானவை, அதாவது 50 சதவீதம். மந்திரவாதிக்கு 1 கழிக்க வேண்டும். அவருக்கு 16 முதல் 20 வரையிலான ஐந்து முகங்கள், அதாவது 25 சதவீதம். போர்வீரர் தோற்று மந்திரவாதி வெல்வதற்கான நிகழ்தகவு இவ்விரண்டின் பெருக்கற்பலன்: பாதியில் கால், எட்டில் ஒன்று. தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர்களுக்கு எட்டில் ஒன்று என்பது கைப்பழக்கத்தில் தெரிந்த அளவு. 0, 1, 2, 3 எனக் குறியிட்ட இரண்டு பித்தளைக் கட்டைகள் விழக்கூடிய 16 வழிகளில் இரண்டில்தான் தாயம் விழும். அதுவும் எட்டில் ஒன்றே. காய் இறக்கத் தாயத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது அரிது என்பதும் தெரியும், ஒரே மாலையில் பலமுறை வந்து விழும் என்பதும் தெரியும். ஆக, எங்கள் கதவுக் காட்சி அதிசயமே இல்லை; அந்த விதிகளின்படி அது தாயம் விழுவதைப் போன்ற சாதாரண நிகழ்ச்சி.

அதே கதவை அதே எண்களோடு, ஆனால் இருபது முகப் பகடைக்குப் பதிலாக மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டித் தீர்மானித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு முறைகளுக்கும் சராசரி ஒன்றேதான், 10.5. போர்வீரருக்கு 11 வேண்டும். அவருடைய வாய்ப்பு இங்கும் மிகச் சரியாக 50 சதவீதம். ஆனால் மூன்று பகடைகள் விழக்கூடிய 216 வழிகளில் 16 அல்லது அதற்கு மேல் வருபவை பத்து மட்டுமே என்பதால், மந்திரவாதியின் வாய்ப்பு 25 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. வலியவர் தோற்று மெலியவர் வெல்லும் காட்சி எட்டில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ நாற்பத்து மூன்றில் ஒன்றாகிவிடும். நண்பரின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது: அவருடைய பலத்துக்கு என்ன அர்த்தம் என்பதைப் பாத்திரத் தாளில் எழுதியிருக்கும் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதனோடு கூட்டப்படும் பகடைகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதற்குக் காரணம் வழிகளின் எண்ணிக்கை. ஒற்றைப் பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. 1 விழுவதும் 10 விழுவதும் 20 விழுவதும் சமமாக ஐந்து சதவீதம். பல பகடைகளைக் கூட்டும்போது நடுவிலுள்ள தொகைகளுக்கு வழிகள் பெருகுகின்றன, ஓரங்களுக்குக் குறைகின்றன. மூன்று அறுமுகப் பகடைகளில் 18 வர 216இல் ஒரு வழி. 10 வர 27 வழிகள். இதில் ஒரு நுட்பம் கலிலியோவையே எழுத வைத்தது. மூன்று எண்களைச் சேர்த்து 9ஐ உண்டாக்க ஆறு சேர்க்கைகள் உள்ளன, 10க்கும் ஆறு சேர்க்கைகளே உள்ளன. பிறகு ஏன் சூதாடிகளின் அனுபவத்தில் 10 சற்றுக் கூடுதலாக விழுகிறது என்பது அவரிடம் வைக்கப்பட்ட கேள்வி. 3, 3, 3 என்ற சேர்க்கை ஒரே ஒரு வழியில்தான் விழ முடியும், 2, 3, 4 என்பதோ ஆறு வழிகளில் விழும் என்று பிரித்துக் காட்டி, 9க்கு 25 வழிகளும் 10க்கு 27 வழிகளும் இருப்பதை அவர் எண்ணிக் காட்டினார். 216இல் இரண்டு வழிகளின் வேறுபாட்டை, கணிதம் வருவதற்கு முன்பே, உருட்டி உருட்டியே உணர்ந்திருந்த அந்தச் சூதாடிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பகடைகளின் வடிவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லா முகங்களும் ஒரே ஒழுங்குப் பலகோணமாகவும், எல்லா முனைகளும் ஒரே மாதிரியாகவும் அமைந்த குவிந்த திண்மங்கள் ஐந்தே ஐந்துதான்: நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. அந்த ஐந்தும் எங்கள் மேசையில் கிடக்கின்றன. கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகப் பகடைகள் பண்டைய எகிப்திலிருந்தே கிடைத்திருக்கின்றன. ஒன்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. ஆறாவதான பத்து முகப் பகடை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் முகங்கள் பட்டம் போன்ற நாற்கரங்கள். முனைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. ஆனாலும் அது நியாயமான பகடையே. ஏனெனில் எந்த முகத்தையும் வேறெந்த முகத்தின் இடத்துக்குச் சுழற்றிக் கொண்டுவந்தாலும் வடிவம் அப்படியே இருக்கிறது, ஒரு முகம் கீழே படிவதற்கு மற்றொன்றைவிடக் கூடுதல் காரணம் எதுவும் இல்லை. பத்து முகப் பகடை பரவலாவதற்கு முன்பு, இருபது முகப் பகடையிலேயே 0 முதல் 9 வரை இருமுறை பொறித்து, ஒரு பாதிக்கு வேறு வண்ணம் தீட்டிப் பயன்படுத்தினார்கள். இன்று இரண்டு பத்து முகப் பகடைகளை உருட்டி 1 முதல் 100 வரை எடுக்கிறோம். 1981இல் வெளியான கால் ஆஃப் கதுல்ஹு போன்ற ஆட்டங்கள் இதைக்கொண்டு இயங்குகின்றன. 45 என்று தாளில் எழுதியிருந்தால் வெற்றி வாய்ப்பு 45 சதவீதம், வேறு கணக்கே வேண்டாம்.

கூட்டப்படும் பகடைகளைக் கொண்ட ஆட்டங்களில் வேறொரு விளைவும் உண்டு. 1986இல் வெளியான கர்ப்ஸ் ஆட்டத்தில் மூன்று அறுமுகப் பகடைகளின் தொகை உங்கள் திறன் எண்ணுக்கு மிகாமல் இருக்க வேண்டும். திறன் 10 உடையவருக்கு 50 சதவீத வாய்ப்பு. 11ஆக உயர்ந்தால் 62.5 சதவீதம். ஆனால் 15இலிருந்து 16க்கு உயரும்போது 95.4 சதவீதம் 98.1 ஆகிறது, அவ்வளவுதான். புதிதாகக் கற்பவருக்கு ஒரு படி முன்னேற்றம் பெரும் மாற்றம், தேர்ந்தவருக்கு அது மெருகு. ஏதேனும் ஒரு வாத்தியத்தைப் பயின்ற எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். இருபது முகப் பகடையிலோ கூட்டப்படும் ஒவ்வொரு எண்ணும், எந்த நிலையில் இருந்தாலும், அதே ஐந்து சதவீதமே. 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் இரண்டு அறுமுகப் பகடைகளை வைத்துக்கொண்டு இன்னொரு உலகத்தைக் கட்டுகிறது. அங்கே 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, அதற்குக் கீழே தோல்வி. 1 கூட்டிக்கொள்ளும் பாத்திரத்துக்கு இந்த நடுநிலை 44 சதவீதம், மற்ற இரண்டும் தலா 28 சதவீதம். எதையும் முழுதாக இழக்காமலும் முழுதாகப் பெறாமலும் கதை தொடர்வது அந்தப் பகடைகளால்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விதி, சாதகமான சூழலில் இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. சராசரி 10.5இலிருந்து 13.8க்கு உயர்வதால் இதை 3 கூட்டுவதற்குச் சமம் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியன்று. தோற்க வேண்டுமானால் இரண்டு பகடைகளும் தோற்க வேண்டும்; ஆகவே 11 தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75க்கு உயர்கிறது, இது 5 கூட்டுவதற்குச் சமம். 20 மட்டுமே தேவைப்படும் இடத்திலோ 5 சதவீதம் 9.75 ஆகிறது, 1 கூட்டுவதற்குக்கூட அது முழுதாக ஈடாகாது. முடியுமா முடியாதா என்று தராசு சமமாக நிற்கும்போதுதான் துணை அதிகம் உதவுகிறது என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு!

எல்லா விதிகளும் இவ்வளவு செம்மையாக அமைந்துவிடுவதில்லை. சாவேஜ் வேர்ல்ட்ஸ் ஆட்டத்தில் திறன் வளர வளரப் பகடையின் முகங்கள் கூடும். உச்ச எண் விழுந்தால் மீண்டும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். இலக்கு 6ஆக இருக்கும்போது, திறன் பகடையை மட்டும் கணக்கில் கொண்டால், ஆறு முகப் பகடை உடையவருக்கு ஆறில் ஒன்று, அதாவது 16.7 சதவீத வாய்ப்பு. நான்கு முகப் பகடை உடையவர் முதலில் 4 போட்டு, பிறகு 2 அல்லது அதற்கு மேல் போட வேண்டும்: கால் பங்கில் முக்கால், 18.75 சதவீதம். குறைந்த திறன் உடையவருக்குக் கூடுதல் வாய்ப்பு. சிறிய வேறுபாடுதான், ஆனால் தெரிந்துகொண்ட பிறகு கண்ணை உறுத்தாமல் இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதுதான், கதவைவிடப் பெரிய பிழை ஒன்றை நான் நெடுநாளாகச் செய்துவந்தது தெரிந்தது. ஐவர் குழு காவலர்களின் கண்ணில் படாமல் பதுங்கிச் செல்லும்போது ஐவரையும் உருட்டச் சொல்லி, ஒருவர் தோற்றாலும் எல்லோரும் அகப்பட்டார்கள் என்று முடிவு சொல்லி வந்தேன். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஐவரும் தப்புவதற்கான வாய்ப்பு 0.7ஐ ஐந்து முறை பெருக்கி வருவது: 16.8 சதவீதம். எளிதானது என்று நான் நினைத்துக் கொடுத்த பணி, உண்மையில் ஆறில் ஐந்து முறை தோற்கும் பணி. "நாம் பதுங்கினாலே மாட்டிக்கொள்கிறோம்" என்று குழுவினர் சலித்துக்கொண்டதை அதுவரை பகடையின் குறும்பு என்றே நம்பியிருந்தேன். ஐந்தாம் பதிப்பிலேயே இதற்கு விதி இருக்கிறது: குழுவில் பாதிப்பேராவது வென்றால் குழு வென்றதாகக் கொள்ள வேண்டும். அப்படியானால் ஐவரில் மூவர் வென்றால் போதும், அதே 70 சதவீதத்தில் குழுவின் வாய்ப்பு 83.7 சதவீதமாகிறது. விதியை வாசித்திருந்தும் அதன் பின்னுள்ள எண்களைக் கணக்கிடாததால் நான் அதைக் கைவிட்டிருந்தேன்.

பகடையே கோணலாக இருக்குமோ என்ற ஐயமும் எங்கள் மேசையில் அடிக்கடி எழும். ஒரு நண்பர் தன் பகடையை நூறு முறை உருட்டி, 13 ஒருமுறைகூட விழவில்லை என்று கவலையோடு காட்டினார். குறிப்பிட்ட ஒரு முகம் நூறு உருட்டல்களிலும் வராமல் போவதற்கு வாய்ப்பு 0.6 சதவீதமே, ஆனால் அப்படி வராமல் போகக்கூடிய முகங்கள் இருபது. ஏதாவது ஒரு முகம் விடுபடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 11 சதவீதம். குற்றமற்ற பகடைகளில் ஒன்பதில் ஒன்று இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று விளக்கியதும் அவர் அதைப் பழையபடி பையில் போட்டுக்கொண்டார்.

கதவுக்கு வருகிறேன். எங்கள் ஆட்டத்தில் தூக்குவது, உடைப்பது, இழுப்பது போன்ற உடல்வலுச் செயல்களுக்கு மட்டும் இப்போது மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டுகிறோம். சண்டைக்கு இருபது முகப் பகடையே தொடர்கிறது. இருபதில் ஒருமுறை வரும் அந்த 20ஐ, 216இல் ஒருமுறை மட்டும் வரும் 18க்காக இழக்க எவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. மாற்றத்துக்குப் பிந்தைய முதல் சனிக்கிழமையன்று, இடிந்த கோட்டையின் அடித்தளத்தில், மீண்டும் 15 என்ற இலக்கோடு ஒரு கதவை வைத்தேன். மந்திரவாதி முயன்றார், 8 விழுந்தது. போர்வீரர் மூன்று பகடைகளையும் உள்ளங்கையில் குலுக்கி உருட்டினார்: 4, 4, 3. பதினொன்றோடு நான்கைக் கூட்டி, "பதினஞ்சு" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கதவு உடைந்தது என்றேன்.