வில்லங்கத்தில் வராத ஒத்தி

என் வீட்டுக்காரர் பத்து வருஷமாகக் குவைத்தில் இருக்கிறார். மிச்சம் பிடித்த பணத்தில் ஊருக்கு வெளியே பிளாட் வாங்கிப் போடலாம் என்றார் அவர். சும்மா கிடக்கிற மண்ணை விட, மாசாமாசம் ஏதோ வருகிற மாதிரி சின்ன வீடாக இருக்கட்டும் என்றேன் நான். 2024 தையிலிருந்து ஆடி வரைக்கும் திருநெல்வேலியில் பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் டவுனுக்குமாக அலைந்தேன். முதன்முதலாக வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு என் அலைச்சல் கொஞ்சம் உதவட்டும்.

முதலில் பார்த்தது மீனாட்சிபுரத்தில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் கலெக்டர் ஆபீசையே சூழ்ந்து நின்ற ஒரு மாசத்துக்குள் போனேன். உள்ளே நுழைந்ததும் பெயின்ட் வாடை. இடுப்பு உயரம் வரைதான் புதுப் பூச்சு, அதற்கு மேலே பழைய வெளிர்நீலம். அடுக்களை அலமாரியின் கீழ்ப்பலகை ஊறி உப்பி, கதவு மூட மறுத்தது. விலை குறைவுதான். ஆனால் தண்ணீர் ஒரு தடவை வந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களை நினைத்தேன், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகு டவுனில், ரத வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே பொது நடையை ஒட்டி ஏழு வீடு இருக்கிற வளவு ஒன்றில் நாலாவது வீடு விலைக்கு வந்தது. முன்பக்கம் தார்சா, நடுக்கூடமாகப் பட்டாசல், அடுக்களை, பின்னால் புறவாசல். தேக்கு உத்திரம் போட்டு, மேலே செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிய கட்டைக்குத்துக் கூரை. 17 லட்சம் சொன்னார்கள். புரோக்கர் அண்ணாச்சி 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு பதிவும் தப்பாக இல்லை. "பேப்பர் கண்ணாடி மாதிரி கிடக்கு, இனி என்ன யோசனை?" என்றார்.

இரண்டு தடவை போனபோதும் அவர் கூடவே நின்றார். வீட்டில் இருந்தவர்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை நானும் என் மைனியும் அவருக்குச் சொல்லாமல் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். ஆம்பளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆச்சி மட்டும் தார்சாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தண்ணி கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "வாடகை எவ்வளவு ஆச்சி கொடுக்கிய?" என்று கேட்டேன்.

"வாடகை யாரு கொடுக்கா? நாங்க ஒத்திக்குல்லா இருக்கோம். மூணு லட்சம் கொடுத்திருக்கு தாயி."

ஒத்தி என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை வாடகை இல்லாமல் குடியிருப்பது. ஆச்சி உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையால் எழுதி, வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்தும் இரண்டு சாட்சியும். பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாத காகிதம் வில்லங்கத்தில் எப்படி வரும்? சார்பதிவாளர் ஆபீசில் பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். பதியாத ஒத்தியும், பதியாமல் எழுதிய உயிலும், சொத்துக்காரர் செத்துப்போய் வாரிசுகளுக்கு உரிமைப் பாத்தியம் வந்திருப்பதும் அதில் தெரியாது.

அந்த ஒத்திச் சீட்டு கோர்ட்டில் அடமானப் பத்திரமாக நிற்காது என்று வக்கீல் சொன்னார். கூடவே, வீட்டில் ஒருத்தர் குடியிருக்கும்போது அவருக்கு என்ன உரிமை என்று விசாரிக்காமல் வாங்கினால், 'எனக்குத் தெரியாது' என்று பிற்பாடு சட்டத்தின் முன் சொல்ல முடியாது என்றும் சொன்னார். சட்டம் கிடக்கட்டும். மூணு லட்சம் கொடுத்த ஆச்சியைத் தெருவில் நிறுத்திவிட்டு அந்தப் பட்டாசலில் எனக்கு எப்படிக் கால் வைக்க மனசு வரும்?

விற்பவர்களிடம் நேராகக் கேட்டேன். அண்ணன் தம்பி மூன்று பேர். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழ் காட்டுங்கள் என்றபோதுதான் மும்பையில் ஒரு தங்கச்சி இருப்பது வெளியே வந்தது. "அவளுக்கு நகை போட்டு அனுப்பியாச்சே" என்றார் மூத்தவர். நகை போட்டதற்கும் பங்குக்கும் சம்பந்தமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அந்தத் தங்கச்சி கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் தரமாட்டேன் என்று உறுதியாக நின்றேன். இரண்டு மாசம் இழுத்தது, ஆனால் நேரில் வந்தார், சந்தோஷமாகவே போட்டுக் கொடுத்தார்.

கிரய உடன்படிக்கையிலேயே, விலையில் மூணு லட்சம் ஒத்திக்காரருக்கு டிராப்டாகப் போகும், பதிவன்று வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினோம். பத்திரப் பதிவு முடிந்த அன்று சாயங்காலம் ஆச்சி மகன் டிராப்டை வாங்கிக்கொண்டு, பழைய முத்திரைத்தாளில் 'வரவு வைத்துக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, சாவியோடு என்னிடம் தந்தார். இன்றும் அந்தத் தாள் மூலப்பத்திரத்தோடு பத்திரமாக இருக்கிறது.

வளவு வீடு வாங்குகிறவர்கள் நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. பொது நடையிலும் பொதுக் கிணற்றிலும் பாத்தியம் உண்டு என்று பத்திரத்தில் வார்த்தையாக இருக்க வேண்டும். டேப் பிடித்து நடையை அளந்தோம். மூன்றடி என்று எழுதிய இடத்தில் பக்கத்து வீட்டுத் துவைகல் முக்கால் அடியைத் தின்றிருந்தது. பீரோ போகாது. முன்கூட்டியே பேசியதால் அவர்களே நகர்த்திக் கொடுத்தார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 17 லட்சத்துக்கு 1,53,000 ரூபாய். கூரை வேலைக்கு 90,000. ஆக 19 லட்சத்து 43 ஆயிரம். வாடகை 5,500. வருஷத்துக்கு 66,000 என்றால் மூன்றரை சதவீதம்கூட இல்லை. வங்கி டெபாசிட்டே இதைவிடக் கூடத் தரும். இடத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இதில் இறங்கலாம். கடன் வாங்கி இறங்கினால் வாடகை தவணைக்குக் காணாது, தயவுசெய்து யோசியுங்கள்.

இப்போது ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, இணையதளத்தில் பதிந்து எண் வாங்கினோம். வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, அதனால் 16,500 தான் வாங்கினேன். வாடகை நின்றாலும் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக்கூடாது என்பதையும் வீடு விடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாவி கொடுக்கும்போது மீட்டர் அளவை இருவரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் வரும், இணைப்பு நம் பேரில் இருப்பதால் பாக்கி வைத்துப் போனால் நம் தலையில்தான் விழும்.

புரட்டாசியில் மட்டப்பாவில் ஏறிப் பார்த்தபோது கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு அரசஞ்செடி வேர்விட்டிருந்தது. கொத்தனாரை வைத்து வேரோடு எடுத்து, ஓட்டையில் சுண்ணாம்புக் காரை அடைத்தோம். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. அந்தத் தம்பி மனைவி போனில், "அக்கா, பட்டாசல்ல ஒரு சொட்டு விழல" என்றாள்.