கிராக்கோவ் டிராகனும் செருப்புத் தைக்கும் ஸ்குபாவும்

எந்த ரயில், எந்த விடுதி, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். போலந்தின் கிராக்கோவிலிருந்து திரும்பிய இந்தச் சூட்டில் அந்த வரிசை எனக்கு ஒத்துவரவில்லை. டிராகனைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கதை இதுதான். விஸ்துலா ஆற்றங்கரையில் வாவெல் குன்று. அதன் அடியில் ஒரு குகை. அங்கே குடியிருந்த டிராகன் ஊராரின் ஆடுமாடுகளைத் தின்று தீர்த்தது. வாளோடு போன வீரர்கள் திரும்பி வரவில்லை. ஸ்குபா என்ற செருப்புத் தைக்கும் இளைஞன் ஓர் ஆட்டுத்தோலுக்குள் கந்தகத்தைத் திணித்துத் தைத்து, குகை வாசலில் வைத்துவிட்டு வந்தான். விழுங்கிய டிராகனுக்கு வயிறு எரிந்தது. ஆற்றில் வாயை வைத்துக் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் வயிறு வெடித்துச் செத்தது. குதிரையும் இல்லை, ஈட்டியும் இல்லை. அன்றாடம் சோறு போட்ட ஊசியும் நூலுமே ஆயுதம். ஸ்லாவிய டிராகன் கதைகளில் இதற்குத்தான் என் முதலிடம். ரஷ்ய நாட்டுப்பாடல்களின் வீரன் டோப்ரின்யா நிகிடிச், குளிக்கப் போன ஆற்றில் ஆயுதமின்றி டிராகனிடம் அகப்பட்டு, தொப்பியில் மணலை நிரப்பி அடிப்பானே, அது இரண்டாவது.

ஸ்குபா தொடக்கத்திலிருந்தே இந்தக் கதையில் இருந்தவன் அல்ல. 1200ஆம் ஆண்டை ஒட்டி பிஷப் வின்சென்டி காத்வுபெக் லத்தீனில் எழுதிய வரலாற்றில், அரசன் கிராக்கின் இரண்டு மகன்கள்தான் கந்தகம் அடைத்த தோலால் டிராகனைக் கொல்கிறார்கள். உடனே இளையவன் அண்ணனையும் கொன்று, பழியை டிராகன் மேல் போட்டுவிட்டு அரியணை ஏறுகிறான். குட்டு வெளிப்பட்டதும் நாடு கடத்தப்படுகிறான். செருப்புத் தைப்பவர் ஸ்குபா 1597இல் அச்சான பியெல்ஸ்கி என்பவரின் வரலாற்று நூலில்தான் தலைகாட்டுகிறார். அங்கேயும் அரசனுக்கு யோசனை சொல்பவர் மட்டுமே. அதன்பிறகு மக்கள் சொல்லிச் சொல்லியே அரச குடும்பத்தைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றியை ஒரு தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் அளவில்லாத மகிழ்ச்சி.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டாக்ஸிக்காரர் வாவெலுக்கு 90 ஸ்லாட்டி (போலந்து நாணயம்) கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றேன்; தலையைத் திருப்பிக்கொண்டார். பழைய நகரைச் சுற்றியிருக்கும் பிளான்டி பூங்கா வழியாக மரநிழலில் அரை மணி நேரத்துக்குள் நடந்தே போய்விட்டேன். ஊருக்குப் புதியவர் என்று தெரிந்ததும் வாய்க்கு வந்ததைக் கேட்பது அநியாயம். அந்த நடைக்கு யாரும் டாக்ஸி பிடிக்காதீர்கள்.

குகைக்கு டிக்கெட் விலை குறைவு. செங்கல் சுவருக்குள் சுழன்று இறங்கும் 135 படிகள், மேலிருந்து கீழே ஒருவழிப் பாதை. மொத்தம் 270 மீட்டர் நீளமுள்ள குகையில் 81 மீட்டர்தான் நமக்குத் திறந்திருக்கிறது. கோடை வெயிலிலிருந்து இறங்கியவுடன் குளிர் தோளைப் பிடிக்கிறது. சுண்ணாம்புப் பாறையை நீர் அரித்து உண்டாக்கிய குழிவுகள் தலைக்குமேல் வழவழப்பாகத் தெரிகின்றன. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டுகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இதற்குள் மதுக்கடை நடந்திருக்கிறது! பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. இதற்கா இத்தனை படி என்று என் பின்னால் வந்தவர் அலுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெளியே வந்தால் ப்ரோனிஸ்வாவ் க்ரோமி வடித்த உலோக டிராகன் நிற்கிறது. 1972இல் நிறுவியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எரிவாயுக் குழாயிலிருந்து நிஜத் தீயைக் கக்குகிறது. ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கூச்சலிடுகிறார்கள். நானும் நான்கைந்து தீ பார்க்கும்வரை நகரவில்லை. குறை ஒன்று உண்டு. சுற்றியுள்ள கடைகளில் பச்சைப் பொம்மை, சாவிக்கொத்து, கோப்பை என்று எங்கும் டிராகன். ஊரைக் காப்பாற்றிய ஸ்குபாவை நான் பார்த்த ஒரு கடையிலும் காணவில்லை. பொம்மை விலையும் கடைக்குக் கடை இரு மடங்கு மாறுகிறது. ஆற்றங்கரையில் வாங்காமல் நான்கு தெரு தள்ளிப் போய் வாங்குங்கள்.

காசே இல்லாமல் பார்க்கக் கூடியதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. குன்றின் மேலுள்ள பேராலயத்தின் மேற்கு வாசலில், இடப்பக்கம் நிமிர்ந்து பாருங்கள். கருத்துப்போன பெரிய எலும்புகள் சங்கிலியில் தொங்குகின்றன. டிராகனின் எலும்புகள் என்று தலைமுறை தலைமுறையாக நம்பியிருக்கிறார்கள். அவை விழும் நாளில் உலகம் அழியும் என்றும் சொல்கிறார்கள். உண்மையில் அவை திமிங்கிலம், மம்மூத், கம்பளிக் காண்டாமிருகம் ஆகியவற்றுடையவை. அது தெரிந்த பிறகு என் வியப்பு கூடிற்று. பனியுகத்து மிருகத்தின் எலும்பைக் கையில் எடுத்தவர்கள் அது எதனுடையது என்று வேறு எப்படித்தான் நினைத்திருக்க முடியும்? பெரும்பாலோர் கதவைப் படம் எடுத்துவிட்டு, மேலே பார்க்காமலே உள்ளே போகிறார்கள். பார்க்கவே ஆற்றாமையாக இருந்தது.

சாப்பாட்டுக்கு வாவெல் குன்றின் அரண்மனைப் பக்கத்து உணவகங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஊர்க்காரர்கள் தட்டேந்தி வரிசையில் நிற்கும் 'பார் ம்லெச்னி' எனப்படும் மலிவு உணவகம் ஒன்றைத் தேடிப் போனேன். கோதுமையைப் போன்ற 'ரை' தானியத்தின் புளித்த மாவில் செய்த ஜூரெக் சூப், அவித்த முட்டை மிதக்க, ஆவி பறக்க வந்தது. முதல் கரண்டியிலேயே நடந்த களைப்பு போயிற்று. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி எனும் கொழுக்கட்டை ஒரு தட்டு, மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். எல்லாம் சேர்ந்தும் அந்த டாக்ஸிக்காரர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை.

குகை குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஏப்ரல் கடைசிக்கும் அக்டோபருக்கும் இடையில் போவது நல்லது. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் வரிசை நீள்கிறது. ரயில், விடுதிக் கணக்கை அடுத்த பதிவில் தருகிறேன்.