பதின்மூன்று ஃபாரம்

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் கணினியைத் திறந்தால் பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஐகான் நிறம் மாறியிருக்கிறது. ராத்திரி நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அதுவாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. மூன்று வருடமாக வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்த அப்டேட். போன மாதம் கணினியை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினேன். அப்போது தானியங்கி அப்டேட் மறுபடி ஆன் ஆகியிருக்க வேண்டும். புதியதைப் போட்டதோடு நிற்காமல் பழைய பதிப்பை நீக்கியும் விட்டது.

கையில் இருப்பது ஐயாவின் பறவைப் புத்தகம். ஓய்வுபெற்ற ஆசிரியர், 78 வயது. நாற்பது வருடம் நோட்டில் எழுதிவைத்த குறிப்புகள். 17-ஆம் தேதி அச்சகத்துக்குப் போக வேண்டும், வடிவமைப்பு முடிந்து திருத்தம் மட்டும்தான் பாக்கி.

ஃபைலைத் திறந்தேன். பழைய பதிப்பில் செய்தது, மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்றேன், வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு படக்குறிப்புகளைத் திருத்தி, அதே பெயரில் சேமித்தேன். அப்புறம்தான் கடைசிப் பக்க எண் கண்ணில் பட்டது. 208 இருந்த இடத்தில் 213.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து பக்கம் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. பெரிய தாளில் 16 பக்கங்களை அடுக்கி அச்சடித்து மடிப்பார்கள், அது ஒரு ஃபாரம். 208 என்பது சரியாக 13 ஃபாரம். அந்த எண்ணுக்குள் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஓர் அத்தியாயத்தில் இரண்டு வரி, இன்னொன்றில் ஒரு படத்தை அரை விரல் சிறிதாக்குவது, இப்படியே மூன்று வாரம். இப்போது 213. அரை ஃபாரம் சேர்த்து 216 ஆக்கினால் கடைசியில் மூன்று வெற்றுப் பக்கம் நிற்கும். அட்டையின் முதுகு அளவும் மாறும்: 104 தாளுக்கு 10.4 மில்லிமீட்டர் கணக்குப் போட்டு அட்டையை முடித்தாயிற்று.

பக்கக் கணக்கையாவது சமாளிக்கலாம். உள்ளே நடந்திருப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 61-ஆம் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வார்த்தை, 'பறந்தது.' என்று, தனியாகத் தொங்குகிறது. முந்தைய பக்கத்தில் முடிய வேண்டிய பத்தி. மீன்கொத்தி படம் மரங்கொத்தி அத்தியாயத்துக்குள் போய்விட்டது. ஐயா தேதிவாரியாக எழுதிய வலசைப் பட்டியல் நடுவில் உடைந்து, மாதத்தின் பெயர் ஒரு பக்கத்திலும் தேதிகள் மறுபக்கத்திலும் கிடக்கின்றன.

நான் எதையும் தொடவில்லை. முடித்து வைத்த வேலை, ராத்திரியோடு ராத்திரியாகக் கலைந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

காரணத்தைக் கண்டுபிடித்தேன். பழைய பிரதியின் பி.டி.எஃப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 400 சதவீதம் பெரிதாக்கி, ஒரு முழுக் காலை பார்த்தேன்.

தமிழ் எழுத்து திரையில் வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு வேலை நடக்கிறது. 'கொ' என்று தட்டினால் கணினி சேமிப்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. எழுத்துருவுக்குள் ஓர் இடைவெளி அட்டவணையும் இருக்கும்: இந்த எழுத்துக்குப் பக்கத்தில் இது வந்தால் இவ்வளவு நெருக்கு, இவ்வளவு தள்ளு என்று. புதிய பதிப்பில் இந்தக் கோக்கும் பகுதியையே மாற்றிவிட்டார்கள். பழையது கண்டுகொள்ளாத அட்டவணையை இது படிக்கிறது.

தனி எழுத்தாகப் பார்த்தால் புதியதுதான் அழகு, அதை ஒப்புக்கொள்கிறேன். 'ட'வுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் இருந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. ஆனால் சில வரிகள் அரைப் புள்ளி நீண்டுவிட்டன. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. அரைப் புள்ளி என்பது 0.18 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. வரி நிரம்பி நிற்கும் இடத்தில் அந்த அரைப் புள்ளி போதும், கடைசி வார்த்தை கீழே விழுந்துவிடும். நம் வார்த்தைகள் நீளம் வேறு. 'பார்த்துக்கொண்டிருந்தபோது' மாதிரி ஒன்று கீழே போனால் மேல் வரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. பக்கத்துக்கு 30 வரி, 208 பக்கம், ஆறாயிரத்துச் சொச்சம் வரி. எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு இன்னொன்று. அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளிக் குறியுமாக (;) கிடக்கின்றன.

தலைப்புக்கு நான் வைத்திருந்தது பழைய எழுத்துரு, டைப் 1 வகை. 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியோடு வந்த வகை அது. புதிய பதிப்பு அதை ஏற்பதில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு போய்விட்டால் வேஷம் கலைந்து அதுதான் தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991-லேயே வந்துவிட்டது, இன்னும் ஏன் இதைக் கட்டி அழுகிறாய் என்று கேட்கலாம். உடல் பகுதி முழுக்க யூனிகோடுதான். தலைப்பை மட்டும் பழையதில் வைத்ததற்குக் காரணம் ஐயா.

'தூக்கணாங்குருவி' என்று ஓர் அத்தியாயம். இன்னொன்று 'பனை உழவாரன்'. ஐயா படித்ததும், முதலில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள். அந்த 'ணா'வில் கால் தனியாக நிற்காது, எழுத்தின் கடைசிக் கோடே கீழே சுழித்து வளையும். 'னை'யில் கொம்பு தனியாக இருக்காது, யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு ஒட்டி நிற்கும். முதல் மாதிரியைக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே விஷயம் இதுதான்: “தலைப்பு மட்டும் நான் எழுதின மாதிரி இருக்கட்டும்மா.” அந்த வளைவு ஒழுங்காக அமைந்த எழுத்துரு என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ஐயாவுக்கு போன் செய்தேன். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்ட போன்.

“ஐயா, பக்கமெல்லாம் கலைஞ்சிடுச்சு. சாஃப்ட்வேர் தானா மாறிடுச்சு. நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்ட மெய்ப்பு இப்ப இல்ல.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “நோட்டு இருக்கில்லம்மா?” என்றார்.

“இருக்குங்கய்யா, எங்கிட்ட பத்திரமா இருக்கு.”

“அப்ப ஒண்ணும் போகல. உனக்குத்தான் வேலை கூடிப்போச்சு. தேதியை வேணும்னா தள்ளி வச்சுக்கலாம்.”

தேதியைத் தள்ள எனக்கு மனசில்லை. அச்சகத்தில் நமக்கு ஒதுக்கிய நாள் போனால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கண் பார்வையும் குறைந்துகொண்டே வருகிறது.

மார்ச் 8, சனி

அட்டை ஓவியம் வரைந்த தங்கை கூப்பிட்டாள். அவளுக்கும் இந்த வாரமே. கணினியின் இயங்குதளம் அப்டேட் ஆனதிலிருந்து பேனாப் பலகை அழுத்தத்தை உணர்வதில்லையாம். “அக்கா, மெதுவா இழுத்தாலும் அதே தடிமன், அழுத்தி இழுத்தாலும் அதே தடிமன்” என்றாள். 8,192 அளவில் அழுத்தத்தைப் பிரித்தறியும் பேனா, இப்போது கரிக்கட்டை. பலகையின் டிரைவர் மென்பொருளைக் கழற்றிப் போட்டு, அனுமதிகளை மறுபடி கொடுத்து, மதியத்துக்குள் சரி செய்தோம். அவள் தப்பித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அன்றைக்கே போடுகிறவள் நான். எனக்குக் கோபம், பூட்டை மாற்ற வருகிறவர் வீட்டுச் சாமான்களையும் இடம் மாற்றிவிட்டுப் போவதில்தான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். நடுவில் இருக்கும் வேலையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய பதிப்பை நாங்களே நீக்கும்வரை விட்டுவையுங்கள்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1977-இல் தன் நூலின் மறுபதிப்பு மெய்ப்பைப் பார்த்து, அச்சு இவ்வளவு அசிங்கமாக வருகிறதே என்று மனம் நொந்து, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தானே எழுத ஆரம்பித்தார். 1990-இல் இனி இதில் புதிய வசதி எதுவும் சேர்க்க மாட்டேன், பிழை மட்டும் திருத்துவேன் என்று நிறுத்திக்கொண்டார். பிழை திருத்தும்போதெல்லாம் பதிப்பு எண் கணிதத்தின் பை (π) மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீளும். 2021-இல் வந்தது 3.141592653. தன் காலத்துக்குப் பிறகு எண்ணை பை என்றே வைத்து, மிச்சமிருக்கும் பிழையோடு அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். அன்று அமைத்த பக்கத்தில் வரி இன்றும் அதே இடத்தில் உடைய வேண்டும் என்று அவர் கவலைப்பட்டிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மார்ச் 10, திங்கள்

மென்பொருள்காரர்களின் உதவி அரட்டையில் ஒன்றே முக்கால் மணி நேரம். தற்காலிக ஃபைல்களை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். மறுபடி நிறுவச் சொன்னார்கள், நிறுவினேன். பழைய பதிப்பு வேண்டும் என்றால் பட்டியலில் கடைசி இரண்டுதான் இருக்கின்றன, என்னுடையது இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினி நினைவுக்கு வந்தது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் சொருகியே இருந்தால்தான் உயிர். ஆனால் அதே பழைய பதிப்பு அதில் இருக்கிறது! தானியங்கி அப்டேட்டை முதலில் அணைத்தேன். சந்தாவைச் சரிபார்க்க மட்டும் இணையத்தைக் கொடுத்து உடனே துண்டித்தேன்.

புதியதில் சேமித்த ஃபைலை இது திறக்காது. மேகச் சேமிப்பில் பழைய பிரதிக்கு மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது வெளி வன்தட்டில் பிப்ரவரி 22, சனிக்கிழமை எடுத்த பேக்கப். மார்ச் 1 சனிக்கிழமை எடுத்திருக்க வேண்டியது, எடுக்கவில்லை.

திறந்தேன். 208 பக்கம். 'தூக்கணாங்குருவி' அந்தச் சுழியோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாள் திருத்தம்தான் போயிருக்கிறது. ஐயா சிவப்பு மையில் திருத்திய தாள்கள் கையில் இருக்கின்றன. மறுபடி போட்டுவிடலாம்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு நாளில் 140 பக்கம் தாண்டிவிட்டேன். நடுவில் ஒரு பழைய தவறு அகப்பட்டது, இது அப்டேட்டின் குற்றம் இல்லை.

சொல்லடைவில் 'கௌதாரி' இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் கூட இல்லை. இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். எழுத்தெழுத்தாகப் பிரித்தபோது புரிந்தது. ஒன்று க-வும் ஔகாரக் குறியும். மற்றொன்று 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' தட்டியது. தட்டச்சு செய்தவருக்கு வித்தியாசம் தெரியாது, வாசகருக்கும் தெரியாது, கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு பறவை. தேடினால் பாதிதான் கிடைக்கும். புதிய பதிப்பில் இந்த ஒரு சொல்லில் 'ள' கொஞ்சம் விலகி நின்றதை அன்றைக்கே பார்த்தேன், ஏனென்று யோசிக்கவில்லை. 23 இடங்களில் 9 தவறு. எல்லாம் திருத்தினேன். இதற்காகப் புதிய பதிப்புக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

முடிந்தது. அச்சுக்கான பி.டி.எஃப் எடுத்து, எழுத்துருக்கள் எல்லாம் உள்ளேயே பதிந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். பதிந்துவிட்டால் இனி எந்த இயந்திரத்தில் திறந்தாலும் வரி நகராது. பக்கம் பக்கமாக ஒருமுறை, கடைசியிலிருந்து முன்னால் ஒருமுறை. 61-ஆம் பக்கத்தின் தலையில் புதுப் பத்தி. 'பறந்தது.' தன் இடத்தில், 60-இன் கடைசி வரியில்.

மடிக்கணினியை இனி அலமாரிக்கு அனுப்பப்போவதில்லை. 'இணையம் கொடுக்காதே' என்று மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியாயிற்று.

மார்ச் 21, வெள்ளி

முதல் ஃபாரம் வந்தது. மடித்துக் கொடுத்திருந்தார்கள், இன்னும் வெட்டவில்லை. மை வாசனை போகாத தாளை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தலைப்பில் 'ணா'வின் மேல் விரலை வைத்து, கோடு போகும் வழியிலேயே ஒருமுறை வளைத்தார்.

“பிள்ளைங்களுக்கு இந்தச் சுழிதான் வரவே வராது” என்றார். பிறகு தாளைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.