குளிர்காலச் சோர்வை உடம்பில் கண்டுபிடிப்பது

டிசம்பர் நடுவில் டொராண்டோவில் பகல் 9 மணி நேரம்தான். ஒஸ்லோவில் 6. அந்த ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் குளிர்கால மனச்சோர்வை "வேலை அலுப்பு" என்று தள்ளிவிடுவது எளிது. காரணம், அது முதலில் காட்டுவது உடம்பில்.

வழக்கமான மனச்சோர்வில் விடியுமுன் விழிப்பு வரும், பசி போகும், எடை குறையும். இதில் பெரும்பாலும் நேர்மாறு. பத்து மணி நேரம் தூங்கியும் எழ முடியாது. சோறு, பாண், இனிப்பு என்று வாய் தேடும், எடை ஏறும். கைகால் ஈயம் போலக் கனக்கும். 

ஒரு வருடக் களைப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு வருடமாவது அதே மாதங்களில் தொடங்கி, வசந்தத்தில் விலகியிருக்க வேண்டும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தூங்கிய நேரத்தைத் தினமும், எடையை வாரம் ஒருமுறையும் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

தைராய்டு குறைந்தாலும் இதே தூக்கம், இதே எடைதான். குளிர் தாங்காமை, தோல் வறட்சி, மலச்சிக்கல் கூடவே வரும். பனிக்காலத்தில் எல்லோருக்கும்தான் தோல் வறள்கிறது என்று விட்டுவிடுவதால் தவறிப்போகிறது. இரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின் (இரத்தசோகை தெரிய), ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்துள்ள இரும்பு) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவக்காரர்கள் வைட்டமின் பி12-உம். நம் தோலுக்குப் பனிக்காலத்தில் வைட்டமின் டி குறைவது சகஜம்; குறைந்திருந்தால் மாத்திரை எலும்புக்கு நல்லது, ஆனால் இந்தச் சோர்வுக்கு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இந்தச் சோர்வுக்குச் சிகிச்சையாக ஒளி விளக்கு வாங்கினால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகப் பாருங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 30 நிமிடம். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும், சாப்பிடலாம், படிக்கலாம். பலர் தவறுவது தூரத்தில். பெட்டியில் எத்தனை சென்டிமீட்டரில் 10,000 என்று போட்டிருக்கும். அதைப்போல இருமடங்கு தள்ளி வைத்தால் கண்ணுக்கு வருவது கிட்டத்தட்ட கால்பங்குதான். மாலையில் வைத்தால் இரவுத் தூக்கம் கெடும்.

இருமுனை மனநோய் இருப்பவர்களும் விழித்திரை நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் விளக்கைத் தொடக்கூடாது. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் விளக்கையோ, தூக்கம் எடை குறிக்கும் தாளையோ நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.